நல்ல துரு

1

இந்தக் கதை எனக்கு மின்சார ரயிலில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இவனுக்கு நிக்கலும் தெரியாது, நைட்ரேட்டும் தெரியாது, எப்படி எழுதினான்?' என்று பின்னால் யாராவது கேட்டால், பதில் இங்கேயே இருக்கட்டும்.

வண்டி தாம்பரத்தில்தான் புறப்படுகிறது. சீக்கிரம் வருகிறவர்களுக்கு உட்கார இடம் உண்டு. நானும் அசரியாவும் கடைசி நிமிடத்தில் ஓடி வந்து கம்பியைப் பிடித்துத் தொங்குகிற ரகம். அவருக்குப் பாரிமுனையில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க் வேலை. எனக்கு அதே தெருவில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். நான் கதை எழுதுகிறவன் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் பல்லாவரம் தாண்டியதும் காதருகே குனிந்தார்.

"எங்க வீட்ல ஒரு கதை நடந்துச்சு சார். ஆனா கெட்டபடியா முடியல. அதனால உங்களுக்கு யூஸ் ஆகுமோ என்னமோ."

எனக்குச் சுருக்கென்றது. என் கதைகளில் யாராவது செத்துப்போகிறார்கள், அல்லது ஊரை விட்டுப் போகிறார்கள் என்பது உண்மைதான். நல்லபடியாக முடிந்த ஒன்றை என்னால் எழுத முடியுமா என்று பார்க்கத்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

கதைக்குரியவர் அசரியாவின் மனைவி ஞானஜோதி. தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ரசாயனத் துறை டெமான்ஸ்ட்ரேட்டர். (எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். நான் வைத்திருப்பது கற்பனைக் கல்லூரி.) சேலையூரில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். எழுதியதைப் படித்துப் பார்ப்பார், தப்பு இருந்தால் திருத்துவார். திருத்தத்தை நான் அப்படியே விட்டுவைக்க வேண்டும். ஒப்புக்கொண்டேன். சதுர அடைப்புக்குறிக்குள் வருகிற குரல் அவருடையது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "கண்ணாடி மெல்ல மெல்ல நீலமாகியது. ஆகாயத்தை யாரோ கரைத்து—"

[நீலம் இல்லை. பழுப்பு. டிகாக்‌ஷன் கலர்.]

நீலம் என்றால் படிக்க நன்றாக இருக்குமே என்றேன். அவர் சிரிக்கவில்லை. "டங்ஸ்டன்ல பண்ணினா நீலம் வரும்னு வெளிநாட்டு ஜர்னல்ல படிச்சிருக்கேன். நான் பண்ணினது நிக்கல். நிக்கல்னா பழுப்புதான். உங்க வர்ணனைக்காக நான் உலோகத்தை மாத்த முடியுமா சார்?"

இரண்டாவது தொடக்கம்: "கண்ணாடிக்கு முலாம் பூசும் வித்தையை அறிந்த ஒரே பெண்—"

[முலாம் இல்லை. முலாம்னா உலோகம். குரோம்பேட்டையில சைக்கிள் ஹேண்டில்பாருக்குப் போடுறாங்களே, அது. இது ஆக்சைடு. அதாவது, துரு. ஆனா நல்ல துரு.]

அந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டேன். தலைப்பு கிடைத்துவிட்டது.

இனி நானே நேராகச் சொல்கிறேன். சாதாரணக் கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. அதைச் சூளையில் காய்ச்சி, தகரத்தின் உப்பை அதன்மேல் புகையாகத் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு உட்காரும். பிறகு மின்சாரம் ஓடும். அந்தக் கண்ணாடியை நிக்கல் நைட்ரேட் கரைசலில் நிறுத்தி, பாட்டரியில் இணைத்து, கொஞ்ச நேரம் விட்டால், வெளிறிய பச்சையில் மெல்லிய படலம் ஒன்று படியும். அந்தப் படலத்தோடு கண்ணாடியை எடுத்துக் காரக் கரைசலுக்குள் வைத்து மின்சாரத்தை ஒரு பக்கமாக விட்டால் கண்ணாடி பழுப்பாக இருண்டுபோகும். மறுபக்கமாக விட்டால் மறுபடி தெளிந்துவிடும்.

இதனால் என்ன பயன்? நானும் கேட்டேன்.

"எங்க லேபுக்கு மேற்கே பார்த்த ஜன்னல் சார். மே மாசம் மூணு மணிக்கு வந்து நின்னு பாருங்க, அப்புறம் கேக்க மாட்டீங்க. வெயில் வந்தா ஜன்னலே இருட்டிக்கணும், வெயில் போனா தெளிஞ்சிடணும். ஒரு ஸ்விட்ச் போதும்."

3

எழுபத்தாறாம் வருடம் அந்தப் படலம் முதன்முதலாக ஒழுங்காக வேலை செய்தது. துறைத்தலைவர் சத்தியநாதன்தான் ஞானஜோதிக்கு ஆராய்ச்சி வழிகாட்டி. பெரிய மனிதர், நல்லவர், சட்டென்று பரவசப்படுகிறவர். அவர் வந்து ஸ்விட்சைப் போட்டார். கண்ணாடி இருண்டது. திருப்பிப் போட்டார், தெளிந்தது. மறுபடி போட்டார். மறுபடி. வகுப்புக்கு மணி அடித்த பிறகும் அவர் கை ஸ்விட்சை விடவில்லை.

"ஞானஜோதி, இது ஒரு வாரம் போட்டுப் போட்டு எடுத்தாலும் தாங்குமா?"

"தாங்குது சார். பார்த்துட்டேன்."

அன்று மாலையே அவர் துறைக் கூட்டத்தில் அறிவித்தார். வடக்கே ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் எழுதினார். அங்கிருந்து இருவர் நேரில் பார்க்க வருவதாகப் பதில் வந்தது. அவர்களுக்குத் திருப்தியானால் ஞானஜோதியின் ஆராய்ச்சிப் பதிவு உறுதியாகும். டெமான்ஸ்ட்ரேட்டர் என்ற ஏணியின் முதல் படியிலிருந்து லெக்சரர் ஆகலாம். எட்டு வருடமாக அவர் அந்த முதல் படியிலேயே நின்றிருந்தார்.

அவர்கள் வருவதற்குள் நிறையக் கண்ணாடி தயார் செய்ய வேண்டியிருந்தது. தகரப் பூச்சுள்ள கண்ணாடிக்குத் தட்டுப்பாடு. பழைய படலங்களை அமிலத்தில் கழுவிவிட்டு அதே கண்ணாடிகளை மறுபடி பயன்படுத்தினார். நிக்கல் நைட்ரேட் பழைய பாட்டிலின் அடிக்கு வந்திருந்தது. சத்தியநாதனே புதிய பாட்டில் தருவித்துக் கொடுத்தார். உயர்ந்த தரம், மிகத் தூய்மையானது, விருந்தாளிகளுக்கு ஏற்றது.

புதிய பாட்டிலில் செய்த படலம் நாலைந்து தடவை இருண்டு தெளிந்தது. பிறகு பாலாடை மாதிரி சுருங்கி, கண்ணாடியை விட்டு உரிந்து, கரைசலின் அடியில் போய்ப் படிந்தது.

4

இந்த இடத்தில் ஒரு வில்லன் தேவைப்பட்டான். என் குறிப்பில் ஏகநாதன் என்று ஒருவர் இருந்தார், அதே துறையில் லெக்சரர். எழுதினேன்:

"ஏகநாதனின் கண்களில் பொறாமை பாம்பு போல நெளிந்தது. ஒரு பெண் தன்னை மிஞ்சிவிடுவாளோ என்று அவர்—"

[இதை அடிச்சிடுங்க. ஏகநாதன் சார் அப்படி இல்லை.]

"அவராலதானே உங்களுக்கு இவ்வளவு கஷ்டம்?"

"அவர் பண்ணிப் பார்த்தார், வரல. வரலன்னு சொன்னார். வேற என்ன சொல்லணும்?"

அடித்துவிட்டேன். ஆனாலும் அந்த வாக்கியத்தை இங்கே விட்டுவைத்திருக்கிறேன். எனக்கு எவ்வளவு சுலபமாக ஒரு மனிதனைக் கெட்டவனாக்க வருகிறது என்பது வாசகருக்குத் தெரியட்டும்.

நடந்தது இதுதான். படலம் உரிய ஆரம்பித்ததும் ஞானஜோதி மின்னோட்டத்தை மாற்றிப் பார்த்தார், கரைசலை மாற்றிப் பார்த்தார், கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. சத்தியநாதன் ஞானஜோதியின் குறிப்புகளைக் கொடுத்து, "நீங்க தனியா ஒரு தடவை பண்ணிப் பாருங்க" என்று ஏகநாதனிடம் சொன்னார். ஏகநாதன் பொறுமையான ஆள். எழுதியபடியே செய்தார். திரும்பத் திரும்பச் செய்தார். ஒவ்வொரு கண்ணாடியும் உரிந்தது.

தலைவர் அறைக்கு ஞானஜோதியைக் கூப்பிட்டார்கள். ஏகநாதனும் அங்கே தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு என்கிட்ட காட்டினது என்னம்மா?" என்றார் சத்தியநாதன்.

"நீங்களே ஸ்விட்ச் போட்டுப் பார்த்தீங்க சார்."

"பார்த்தேன். அதுதான் எனக்குப் பயமா இருக்கு. அந்தக் கண்ணாடி எங்க?"

"கழுவிட்டேன் சார். வேற கண்ணாடி இல்லாம."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அந்தப் பதில் தன் காதுக்கே பொய் மாதிரிக் கேட்டது என்று ஞானஜோதி என்னிடம் சொன்னார்.

சத்தியநாதன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார்: "வர்றவங்களை நிறுத்தணும். முன்னாடி சொன்ன ரிசல்ட் தப்புன்னு நான் எழுதியாகணும். அதுல நீயும் கையெழுத்துப் போட்டுடு. கவனக்குறைவுன்னு எழுதலாம். வேற வார்த்தை எதுவும் வேணாம்."

வேறு வார்த்தை எது என்பது அங்கிருந்த மூவருக்கும் தெரியும்.

"கொஞ்சம் டைம் குடுங்க சார்" என்றார் ஞானஜோதி.

5

அசரியாவிடம் நான் ரயிலில் கேட்ட கேள்வி: "நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் கம்பியில் பிடியை மாற்றிக்கொண்டார். பிறகு, "தப்பாத்தான் சொன்னேன்" என்றார்.

அவர் சொன்னது இது: "போட்டுடேன் ஜோதி. கவனக்குறைவுதானே? யாருக்குத்தான் வராது? பிராக்டிகல் கிளாஸ் எடுத்துக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்."

ஞானஜோதி அப்போது மீன் கழுவிக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டுத் திரும்பினார்.

"நீங்க ஒரு தடவை ஆபீஸ்ல, பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதிக் குடுங்கன்னா குடுப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்போ பார்த்ததைப் பார்க்கலன்னு நான் எப்படி எழுதுறது?"

அசரியா அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டார். அது அவர் தோற்கும் முறை.

இதற்கு அடுத்து நான் ஒரு அழகான காட்சி எழுதியிருந்தேன். ஞாயிறு ஆராதனை, பாடகர் குழு, வண்ணக் கண்ணாடி வழியே விழுகிற வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் ஞானஜோதிக்குச் சட்டென்று விடை பளிச்சிடுகிறது—

[எங்க சர்ச்ல வண்ணக் கண்ணாடி கிடையாது. ஜெபம் பண்ணினேன், அது உண்மை. பதில் டெஸ்ட் ட்யூப்லதான் வந்தது.]

அதையும் எடுத்துவிட்டேன். வெளிச்சம் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் வருத்தத்தோடு எடுத்தேன்.

6

அந்த வாரத்து பி.எஸ்ஸி. பிராக்டிகல் வகுப்பு. ஒவ்வொரு மாணவருக்கும் பெயரிடாத ஓர் உப்பு கொடுப்பார்கள். அதில் எந்த உலோகம் இருக்கிறது என்று சோதித்துச் சொல்ல வேண்டும். ஒரு உப்பு, ஒரு உலோகம். அதுதான் விதி.

காந்திமதி என்ற மாணவி ஞானஜோதியின் மேஜைக்கு வந்து நின்றாள். கையில் இரண்டு சோதனைக் குழாய்கள்.

"மேடம், எனக்கு நிக்கல் வருது."

"சரி, எழுது."

"கோபால்ட்டும் வருது."

"ரெண்டும் வராதும்மா. ட்யூபைச் சரியா கழுவியிருக்க மாட்டே. போய்த் திரும்பப் பண்ணு."

"மூணு தடவை பண்ணிட்டேன் மேடம். புது ட்யூப்ல பண்ணினேன். ரெண்டுமே வருது." அவள் நகரவில்லை. "வர்றதை வரலன்னு எப்படி மேடம் எழுதறது?"

ஞானஜோதி நிமிர்ந்து பார்த்தார்.

(இங்கே நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். எல்லாம் வீண். அவர் நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.)

"குடு" என்றார்.

ஒரு குழாயில் ரோஜாச் சிவப்பில் வீழ்படிவு. நிக்கல். சந்தேகமில்லை. மற்றதில், மேலே மிதந்த ஆல்கஹால் நல்ல நீலம். கோபால்ட் இருந்தால்தான் அந்த நீலம் வரும். (கடைசியில் எனக்கும் ஒரு நீலம் கிடைத்தது.)

"தாமோதரன்!" என்று கூப்பிட்டார். லேப் அட்டெண்டர் தாமோதரன் கோவளத்துக்காரர். அப்பா காலம்வரை கடல்தொழில். "இந்தப் பொண்ணுக்குக் குடுத்த நிக்கல் எந்த பாட்டில்?"

"இன்னா மேடம், எதுனா தப்பாயிடுச்சா?"

"தப்பில்ல. எந்த பாட்டில்?"

"பழசுதான். அடில கட்டிக்கினு கெடந்துச்சு. கொட்டறதுக்கு மனசு வரல, பசங்களுக்கு ஆவட்டும்னு தட்டி எடுத்துக் குடுத்தேன். இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கினு கீது. எடுத்தாரவா?"

"எடுத்துட்டு வாங்க" என்றார் ஞானஜோதி. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டதைத் தாமோதரன் பார்த்திருக்கிறார். "ஒரு சோடா வாங்கியாரவா மேடம்?" என்று கேட்டாராம்.

பழைய பாட்டிலில் அழுக்கு இருந்தது. நிக்கலோடு கொஞ்சம் கோபால்ட். மலிவான சரக்கில் இரண்டும் சேர்ந்தேதான் வரும். இயற்கையில் அவை ஒரே மண்ணில் கிடக்கிறவை. படலத்தைக் கண்ணாடியோடு கெட்டியாகப் பிடித்துவைத்தது அந்த அழுக்குதான். சத்தியநாதன் வாங்கிக் கொடுத்த தூய்மையில் அது இல்லை.

காந்திமதிக்கு முழு மதிப்பெண் போட்டார். அவளிடம், "ரெண்டும் இருக்கு. நீ சொன்னது சரி" என்று சொன்னபோது அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவரும் கூட அழுதாரா என்று நான் கேட்டேன்.

[எனக்கு வேலை இருந்தது.]

7

புதிய பாட்டிலின் தூய நிக்கலில், அலமாரியிலிருந்த கோபால்ட் உப்பைத் துளி எடுத்துக் கரைத்தார். படலம் படிந்தது. இருண்டது, தெளிந்தது, இருண்டது. மத்தியானம் முழுவதும் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு எடுத்தார். உரியவில்லை.

கதை இங்கே முடியலாம். ஆனால் ஞானஜோதி நேராகத் தலைவர் அறைக்குப் போகவில்லை. அதனால்தான் எனக்கு இந்தக் கதை பிடித்தது. கண்ணாடியைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, குரோம்பேட்டையில் இறங்கி, அஸ்தினாபுரத்துக்கு நடந்தார். ஏகநாதன் வீட்டுக்கு.

கதவைத் திறந்தவர் ஏகநாதனின் மனைவி கனகவல்லி. பின்னாலேயே ஏகநாதன், பனியனோடு. ஞானஜோதியைப் பார்த்ததும் சட்டையைத் தேடக்கூடப் போகாமல், வாசலிலேயே சொன்னார்:

"நான் பொய் சொல்லல ஞானஜோதி. நீங்க எழுதியிருந்தபடியேதான் பண்ணினேன். வேணும்னு ஒண்ணும்—"

"தெரியும் சார். நீங்களும் பொய் சொல்லல, நானும் சொல்லல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஏகநாதனுக்கு அது முதலில் பிடிபடவில்லை. ஞானஜோதி செருப்போடு வாசலிலேயே நின்றபடி பாட்டிலைச் சொன்னார், கோபால்ட்டைச் சொன்னார், காந்திமதியைச் சொன்னார். கேட்கக் கேட்க ஏகநாதன் பக்கத்திலிருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ என் கண்ணாடி உரிஞ்சது?"

"உரியத்தான் சார் செய்யும். உரியலன்னாதான் தப்பு. உங்க கண்ணாடியெல்லாம் வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணு விடாம வச்சிருக்கேன்."

"அது எனக்கு வேணும் சார். கோபால்ட் இல்லாம என்ன ஆகும்னு நீங்கதான் காட்டியிருக்கீங்க. நான் எல்லாத்தையும் கழுவிட்டேன். நீங்க கழுவல."

கனகவல்லி இதுவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இப்போது வெளியே வந்தார். "உள்ள வாங்கக்கா முதல்ல. கொஞ்ச நாளா இந்த மனுஷன் சோத்துல கைய வச்சிட்டு அப்படியே உக்காந்திருக்காரு. கேட்டா, 'ஒரு பொம்பளை வேலைக்கு உலை வச்சிட்டேன்டி'ங்கறாரு. நான் என்னான்னு பதில் சொல்றது?"

ஏகநாதன் முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "காபி போடு கனகு" என்றார், "எனக்கும் சேர்த்து."

வில்லனாக்கியிருந்தால் இந்தக் காபி எனக்குக் கிடைத்திருக்காது.

8

சத்தியநாதன் அறையில் இரண்டு கண்ணாடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். இரண்டும் புதிதாகச் செய்தவை. ஒன்று ஏகநாதன் கையால், தூய நிக்கல். மற்றது ஞானஜோதி கையால், துளி கோபால்ட் கலந்தது. ஏகநாதனின் பழைய கண்ணாடிகள் சாட்சிகள் மாதிரி மேஜையில் வரிசையாக இருந்தன. யாரும் விளக்கம் சொல்லவில்லை. "நீங்களே போடுங்க சார்" என்றார் ஞானஜோதி.

அவர் போட்டார். இரண்டும் இருண்டன. எடுத்தார். இரண்டும் தெளிந்தன. மறுபடி. மறுபடி. தூயது சுருங்கி, ஒரு ஓரம் கழன்று, மெல்ல மிதந்து இறங்கியது. கலப்படம் உரியாமல் நின்றது.

பெரிய மனிதர் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கண்ணாடியைப் பார்க்கவில்லை, ஞானஜோதியைப் பார்த்தார்.

"உன்கிட்ட கேட்ட கேள்வியை நான் பாட்டில்கிட்ட கேட்டிருக்கணும்மா."

[இதை அவர் இங்கிலீஷ்ல சொன்னார். ஆனா சொன்னார்.]

"வர்றவங்க வரட்டும்" என்றார் அடுத்து. ஏகநாதன் எழுந்து, எதற்கென்று தெரியாமல், ஜன்னலைத் திறந்துவிட்டார்.

9

முடிவு.

என்னிடம் சில இருக்கின்றன. வடக்கேயிருந்து இருவரும் வந்து, பார்த்து, கைகுலுக்குவது ஒன்று. வந்தவர்களில் ஒருவர் தன் நாட்டு ஜன்னல்களையெல்லாம்— (அவர்கள் இந்த நாட்டுக்காரர்கள்தான், அவசரத்தில் வெளிநாட்டாராக்கிவிட்டேன்.) கட்டுரையில் யார் பெயர் முன்னால் வர வேண்டும் என்று ஞானஜோதியும் ஏகநாதனும் நீங்க, நீங்க என்று விட்டுக்கொடுத்துச் சண்டை போடுவது இன்னொன்று. என் பழைய பழக்கம் மூன்றாவதாக ஒன்றைக் கிசுகிசுக்கிறது. அது வேண்டாம். அதை எழுதமாட்டேன்.

இதில் எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. அசரியா எனக்குக் கடைசியாகச் சொன்னது வேறு ஒன்று. அதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

தலைவர் அறையிலிருந்து ஞானஜோதி அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். அசரியாவுக்கு அன்று லீவு. "என்ன ஆச்சு?" என்று கேட்டார். "சாயங்காலம் சொல்றேன்" என்று கைப்பையை நாற்காலியில் வைத்தார். முகத்தைப் பார்த்ததும் அசரியாவுக்குப் பாதி தெரிந்துவிட்டது. சேலைகூட மாற்றாமல், தரையில் பாயை உதறிப் போட்டு, முழங்கையை மடித்துத் தலைக்குக் கொடுத்துப் படுத்தவர் அடுத்த நிமிடம் தூங்கிப்போனார்.

மணி அடித்துக்கொண்டு ஐஸ் வண்டி போனது. எதிர்வீட்டில் ரேடியோ. அசரியா போய், எதிர்வீட்டுக்காரரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு வந்தார். வெயில் இறங்கியது. பால்காரர் வந்தார்; அசரியா வாசலுக்கு ஓடி உதட்டில் விரலை வைத்தார். உள்ளே ஞானஜோதி புரண்டு படுத்து, பெருமூச்சு விட்டு, மறுபடி தூங்கினார்.

தூங்குகிற ஒருவரோடு கதையை முடிக்கக் கூடாது என்பார்கள். யாராவது எழுப்ப வேண்டும், நல்ல சேதி சொல்ல வேண்டும், அல்லது கெட்ட சேதி. வாசகரே, முடிவு வேண்டுமென்றால் உள்ளே போய் நீங்கள் எழுப்பிக்கொள்ளுங்கள். கதவு சாத்தித்தான் இருக்கிறது, தாழ் போடவில்லை.

நான் எழுப்பமாட்டேன். அசரியாவோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

[                ]

(திருத்தம் இல்லை.)